மிகப் பழைய வீடு எது என்று கேட்காதீர்கள்



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது நம் பழமொழி. கட்டுவதன் துன்பம் கட்டியவருக்கே தெரியும் என்பது அதன் பொருள். ஆனால், ஒரு வீடு இருநூறு முந்நூறு ஆண்டு நின்றுவிட்டால், அந்தத் துன்பத்தைப் பட்டவரை எல்லாரும் மறந்துவிடுகிறோம். சுவரில் மாட்டிய பலகையில் ஓர் ஆண்டும் ஓர் உரிமையாளர் பெயரும் மட்டும் மிஞ்சுகின்றன. பிள்ளைகள் அவ்விரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பேருந்தில் ஏறுகிறார்கள். கல்விச் சுற்றுலா நிறைவு பெறுகிறது.

பழைய கட்டடங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு விடை தேடிப் படித்தபோது, எனக்கு மிகவும் பயன்பட்டது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூர். அதன் பெயர் செயின்ட் அகஸ்டின். ஏறத்தாழ 15,000 பேர் வாழும் ஊர். நான் அங்குச் சென்றதில்லை. படித்து அறிந்ததைக் கொண்டே எழுதுகிறேன். இவ்வளவு தொலைவில் உள்ள ஓர் ஊரைப் பற்றி நமக்கென்ன என்று எண்ண வேண்டா. எதைக் காப்பது, எதை இடிப்பது, யார் பெயரைப் பலகையில் எழுதுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அவ்வூர் நல்ல விடையும் சொல்லியிருக்கிறது. தவறான விடையும் சொல்லியிருக்கிறது. அதனால்தான் அது நல்ல பாடமாகிறது.

தீயில் போன ஊர்

செயின்ட் அகஸ்டின் 1565ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஸ்பானியரான பெத்ரோ மெனேந்தெஸ் தெ அவிலேஸ் என்பவரால் நிறுவப்பட்டது. அமெரிக்கப் பெருநிலத்தில் ஐரோப்பியர் நிறுவி, இன்றுவரை தொடர்ந்து மக்கள் வாழும் ஊர்களில் மிகப் பழையது இதுதான். அதற்கு முன்பே அங்குத் திமுக்குவா என்னும் பழங்குடியினர் வாழ்ந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவ்வளவு பழைய ஊரில் 1702க்கு முந்திய வீடு ஒன்றுகூட இன்று இல்லை. அந்த ஆண்டு கரோலினாவிலிருந்து ஆங்கிலேய ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையெடுத்து வந்தார். ஊரார் ஏறத்தாழ 1,500 பேர் கோட்டைக்குள் புகுந்துகொண்டனர். ஏறக்குறைய ஐம்பது நாள் முற்றுகை நீடித்தது. கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய மூரின் படை, போகிற போக்கில் ஊரைக் கொளுத்திவிட்டுச் சென்றது. வீடுகள் மரத்தாலும் ஓலையாலும் ஆனவை, எரிந்து சாம்பலாயின. கோட்டை மட்டும் நின்றது.

கோட்டை ஏன் நின்றது? அது கோக்கினா என்னும் கல்லால் கட்டப்பட்டது. கடற்கரையில் வாழும் சிறு மட்டிகளின் ஓடுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து இறுகிய கல் அது. எதிரே உள்ள அனஸ்தாசியா தீவில் அதை வெட்டி எடுத்தார்கள். வெட்டும்போது ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும். காற்றில் நெடுநாள் உலர்ந்தால் உறுதிப்படும். உறுதிப்பட்ட பின்னும் அதனுள் நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். ஆகவே பீரங்கிக் குண்டு வந்து மோதினால், கருங்கல்லைப்போல் பிளந்து சிதறாது, குண்டை உள்வாங்கிக்கொள்ளும். 1672இல் தொடங்கிய கட்டுமானம் 1695இல் முடிந்தது. காஸ்தில்யோ தெ சான் மார்கோஸ் என்னும் அந்தக் கோட்டை போரில் ஒருமுறைகூட வீழ்ந்ததில்லை.

இவ்வளவையும் எந்த வழிகாட்டியும் சொல்வார். மட்டி ஓட்டுக் கல்லின் அறிவியல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நான் கேட்க விரும்புவது வேறு. இருபத்து மூன்று ஆண்டுகள் அந்தக் கல்லை வெட்டியது யார்? கியூபாவிலிருந்து கூலிக்கு வந்த கொத்தர்கள் இருந்தனர். ஸ்பானிய ஆட்சியின் கீழ் இருந்த பழங்குடி ஊர்களிலிருந்து முறைவைத்து வேலைக்கு இழுத்துவரப்பட்ட குவாலே, திமுக்குவா, அப்பலாச்சி மக்கள் இருந்தனர். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களும் தண்டனைக் கைதிகளும் இருந்தனர். குண்டைத் தாங்கிய சுவருக்குப் பெயர் உண்டு. அந்தச் சுவரைத் தாங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை.

ஒரு வீடு, பல குடும்பங்கள்

தீக்குப் பிறகு ஊர் மெல்ல மெல்லக் கல்லுக்கு மாறியது. அப்படி எழுந்த வீடுகளில் ஒன்று செயின்ட் பிரான்சிஸ் தெருவில் உள்ள கோன்சலேஸ் அல்வாரெஸ் வீடு. 'மிகப் பழைய வீடு' என்றே அதை அழைக்கிறார்கள். 1720களில் கட்டியதாக ஆய்வாளர் கணிக்கின்றனர். 1918 முதல் அவ்வூர் வரலாற்றுக் கழகம் அதைப் பேணி வருகிறது. 1970இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பட்டத்திற்கு அவ்வூரில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் போட்டியிட்டன. குளிர்காலத்தில் இரயிலேறி வரும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டுமானால் 'பழைய' என்று சொன்னால் போதாது. 'மிகப் பழைய' என்று சொல்ல வேண்டும். அஞ்சலட்டைகளிலும் அப்படியே அச்சிட்டார்கள். வயது ஒரு விற்பனைப் பொருளாயிற்று.

உண்மையில் அந்த வீட்டின் சிறப்பு அதன் வயதில் இல்லை. அதில் வாழ்ந்தவர்களின் வரிசையில் இருக்கிறது. முதலில் தொமாஸ் கோன்சலேஸ் என்ற ஸ்பானியப் பீரங்கி வீரர் வாழ்ந்தார். கானரித் தீவுகளிலிருந்து வந்த குடும்பம். 1763இல் ஓர் உடன்படிக்கையால் புளோரிடா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஸ்பானியக் குடிமக்கள் ஏறத்தாழ எல்லாரும் வீடு வாசலை விட்டுக் கியூபாவுக்குக் கப்பலேறினர். கோன்சலேஸ் குடும்பமும் போயிற்று. 1770களில் ஜோசப் பீவெட் என்ற ஆங்கிலேய இராணுவ அலுவலர் அதை வாங்கி, கல் வீட்டின்மேல் மரத்தால் மாடி எழுப்பினார். அவர் மனைவி மேரி ஒரு மருத்துவச்சி. 1783இல் புளோரிடா மீண்டும் ஸ்பானியர் கைக்கு வந்தது. மேரி ஊரைவிட்டுப் போகவில்லை. கணவர் இறந்த பிறகு அவர் மணந்துகொண்டவர் கடனாளியானதால் 1790இல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தவர் ஹெரோனிமோ அல்வாரெஸ் என்னும் ஸ்பானியர். அவர் குடும்பம் ஏறத்தாழ நூறாண்டு அங்கே வாழ்ந்தது.

கீழே ஸ்பானியச் சுவர், மேலே ஆங்கிலேய மாடி. இரண்டு பேரரசுகள் கைமாறிய கதையை அந்த ஒரு வீட்டின் சுவரே சொல்லிவிடும். பாடநூலில் இரண்டு பக்கம் எடுக்கும் செய்தி அது. ஆனால், 'இது எந்த ஆண்டு கட்டப்பட்டது?' என்று மட்டும் கேட்கும் பிள்ளைக்கு அது தெரியாமலே போய்விடும். 'கீழே கல், மேலே மரம், ஏன்?' என்று கேட்கும் பிள்ளைக்குத்தான் கதை கிடைக்கும்.

சங்கிலி கட்டிய பள்ளிக்கூடம்

ஆசிரியர்களாகிய நம் கவனத்தை ஈர்க்கக்கூடிய கட்டடமும் அவ்வூரில் உண்டு. செயின்ட் ஜார்ஜ் தெருவில் ஒரு சிறு மர வீடு. 'மிகப் பழைய மரப் பள்ளிக்கூடம்' என்பது அதன் பெயர். செந்நிறச் செடார் மரமும் சைப்ரஸ் மரமும் கொண்டு, மர முளைகளும் கையால் அடித்த ஆணிகளும் வைத்துக் கட்டியது. கீழே வகுப்பு, மேலே ஆசிரியரின் குடியிருப்பு. தீக்கு அஞ்சிச் சமையற்கட்டைத் தனியே பின்புறம் வைத்திருந்தார்கள். 1937இல், புயல் வந்தால் வீடு பெயர்ந்துவிடக் கூடாது என்று ஒரு பெருஞ்சங்கிலியை வீட்டைச் சுற்றி வளைத்து நங்கூரத்தோடு பிணைத்தார்கள். அந்தச் சங்கிலி இன்றும் இருக்கிறது. பயணிகள் முதலில் படம் எடுப்பது அதைத்தான்.

இங்கும் வயதுப் போட்டிதான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று விளம்பரம் சொல்கிறது. இப்போதுள்ள கட்டடம் அந்நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கு அந்த எண்பது ஆண்டு வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. அதில் வாழ்ந்த குடும்பத்தின் கதைதான் பெரிது.

அந்த வீடு ஹுவான் ஹெனோப்லி என்பவருடையது. கிரேக்கர். தச்சர். அவர் அவ்வூருக்கு எப்படி வந்தார்? 1768இல் ஆண்ட்ரூ டர்ன்புல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், மத்தியதரைக் கடலின் மினோர்க்காத் தீவிலிருந்தும் கிரேக்க, இத்தாலியப் பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 1,400 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார். செயின்ட் அகஸ்டினுக்குத் தெற்கே நியூ ஸ்மிர்னா என்னும் இடத்தில் அவுரித் தோட்டம் போடுவது திட்டம். சில ஆண்டு உழைத்தால் நிலம் கிடைக்கும் என்பது வாக்குறுதி. கிடைத்தது பசி, காய்ச்சல், சாட்டை. வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒன்பது ஆண்டுகளுக்குள் மாண்டனர். 1777இல் எஞ்சிய ஏறத்தாழ 600 பேர் தோட்டத்தைக் கைவிட்டு, வடக்கே எழுபது மைல் நடந்து செயின்ட் அகஸ்டினை அடைந்தனர். ஆளுநர் பேட்ரிக் டோனின் அவர்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, ஊரின் வடபகுதியில் குடியேற இடம் கொடுத்தார். அவர்களின் வழிவந்தோர் இன்றும் அவ்வூரில் வாழ்கிறார்கள்.

தோட்டம், ஒப்பந்தம், கப்பல், வாக்குறுதி. இச்சொற்களுக்கு நம் வீட்டுப் பெரியவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே இதை நான் நீட்டவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சிறு மர வீட்டின் மெய்யான பெருமை, தோட்டத்திலிருந்து நடந்து தப்பிய மக்கள் தமக்கென ஒரு தெருவையும், அத்தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பையும் அமைத்துக்கொண்டார்கள் என்பதே. 'மிகப் பழைய' என்ற பட்டம் அந்தப் பெருமையைக் கூட்டவில்லை, மறைக்கிறது.

திரும்ப எழுப்பிய தெரு

இப்போது செயின்ட் ஜார்ஜ் தெருவில் நடப்பவர்கள் இருபுறமும் ஸ்பானியக் காலத்து வீடுகளைக் காண்கிறார்கள். தெருவை நோக்கித் தொங்கும் மர மேல்மாடங்கள். முற்றத்துக்குத் திறக்கும் பக்கவாசல்கள். ஆனால் இவற்றில் பல, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பியவை. ஊரின் நானூறாம் ஆண்டு விழா 1965இல் வரவிருந்ததால், 1959இல் மாநில அரசு ஒரு மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. அகழாய்வில் கிடைத்த அடித்தளங்களையும் பழைய நில வரைபடங்களையும் கொண்டு, மறைந்துபோன வீடுகளை மறுபடி கட்டினார்கள். 1788இல் மரியானோ தெ லா ரோக்கே என்னும் பொறியாளர் வரைந்த படம் பெரிதும் உதவிற்று. ஒவ்வொரு வீடும் யாருடையது, எதனால் கட்டியது, எந்நிலையில் இருக்கிறது என்று அதில் குறித்திருந்தார்.

இது போலி என்று சிலர் சொல்வர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அடித்தளம் மெய், அளவு மெய், பொருள் மெய். சுவர் மட்டும் புதிது. அதைப் பலகையில் ஒளிக்காமல் எழுதிவைத்தால் போதும். சான்றிலிருந்து ஓர் உருவை எப்படி மீட்கிறார்கள் என்பதே பிள்ளைகளுக்கு அருமையான பாடம். பழைய ஊரில் மண்ணைத் தோண்டும் முன் நகரின் தொல்லியலாளர் பார்வையிட வேண்டும் என்ற விதியையும் அந்நகர் 1980களில் இயற்றிக்கொண்டது. சிற்றூர் ஒன்று இவ்வளவு செய்தது பாராட்டத்தக்கது.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பானியக் காலத்தைத் திரும்பக் கொண்டுவர, அதே இடத்தில் நின்ற பிற்காலக் கட்டடங்கள் சிலவற்றை இடித்தார்கள். ஒரு காலத்தை வாழவைக்க இன்னொரு காலத்தை அழித்தார்கள். எந்தக் காலம் முதன்மையானது என்று முடிவு செய்தவர் யார்?

ஊருக்கு வடக்கே இரண்டு மைலில் மோசே கோட்டை இருந்தது. கரோலினாத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு விடுதலை கொடுத்து, 1738இல் ஸ்பானிய ஆளுநர் மொந்தியானோ அமைத்த குடியிருப்பு அது. இன்றைய அமெரிக்காவின் எல்லைக்குள், சட்டப்படி விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் முதல் ஊர் அதுவே. அதன் தலைவர் பிரான்சிஸ்கோ மெனேந்தெஸ், தாமும் அடிமையாக இருந்தவர். 1740இல் போரில் அது அழிந்தது; 1752இல் மறுபடி எழுந்தது; 1763இல் அம்மக்களும் கியூபாவுக்குப் போயினர். மண்ணும் மரமுமாகக் கட்டியதால், இடம் சதுப்பில் மறைந்தது. 1980களில்தான் கேத்லின் டீகன் தலைமையிலான ஆய்வுக்குழு அகழ்ந்து உறுதிப்படுத்தியது. 1994இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. அக்கோட்டையின் மறுவுருவம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது 2025இல்.

ஆணையம் அமைந்தது 1959. மோசே எழுந்தது 2025. அறுபத்தாறு ஆண்டு இடைவெளி. இரண்டும் ஒரே ஊரின் வரலாறுதான். ஒன்றுக்குப் பணமும் ஆர்வமும் உடனே கிடைத்தன. மற்றொன்று மூன்று தலைமுறை காத்திருந்தது.

இடித்த விடுதியும் எஞ்சிய படிகளும்

ஊரின் மிக அழகிய கட்டடம் பொன்சே தெ லியோன் தங்கும் விடுதி. எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வர் ஆன ஹென்றி பிளாக்லர் கட்டி, 1888 சனவரியில் திறந்தது. கோக்கினாத் துகளைக் கலந்து வார்த்த கான்கிரீட் சுவர், தொடக்கத்திலேயே மின்விளக்கு, டிஃபனியின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். 1968 முதல் அது பிளாக்லர் கல்லூரியாக இருக்கிறது. மாணவர்கள் அந்தச் சாளரங்களின் கீழ் அமர்ந்து உணவு உண்கிறார்கள். பழைய கட்டடத்தைக் காக்கச் சிறந்த வழி அதைப் பயன்படுத்துவதே என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்த விடுதியின் படத்தை வகுப்பில் காட்டியபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இங்கே வேலை செஞ்சவங்க எங்கே தங்குனாங்க?" நான் எழுதிவைத்திருந்த பத்து வினாக்களைவிட அது நல்ல வினா.

விடை, ஊரின் தென்மேற்கே உள்ள லிங்கன்வில். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1866இல் அமைத்துக்கொண்ட குடியிருப்பு. விடுதிகளில் பணிபுரிந்தோர் பலர் அங்குதான் வாழ்ந்தனர். அங்குள்ள மர வீடுகள், தேவாலயங்கள், கடைகள் சேர்ந்த பகுதி 1991இல் தேசிய வரலாற்றுப் பட்டியலில் இடம்பெற்றது. அவர்கள் பிள்ளைகள் பயின்ற எக்செல்சியர் பள்ளி 1925இல் கட்டியது. இனப்பிரிவினை முடிந்தபின் 1968இல் மூடியது. இடிபடவிருந்த அதைப் பழைய மாணவர்கள் போராடிக் காத்தனர். இன்று அது லிங்கன்வில் அருங்காட்சியகம். ஒரு பள்ளியைக் கட்டுபவர் அரசாக இருக்கலாம். அதைக் காப்பவர் அதில் படித்தவரே.

1964இல் இந்த ஊர் உலகச் செய்தியாயிற்று. நானூறாம் ஆண்டு விழாவுக்கு ஊர் ஒப்பனை செய்துகொண்டிருந்த அதே வேளையில், அதே ஊரின் உணவகங்களில் கறுப்பினத்தவர் அமர்ந்து உண்ண முடியாது. மார்ட்டின் லூதர் கிங் அங்கு வந்தார். பாதுகாப்புக் கருதி லிங்கன்வில் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். 1964 சூன் 11ஆம் நாள், கடலோரத்தில் இருந்த மான்சன் விடுதியின் உணவகத்தில் உண்ணக் கேட்டதற்காக அதன் வாசற்படியில் கைது செய்யப்பட்டார். ஒரு வாரம் கழித்து, சூன் 18இல், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து அவ்விடுதியின் நீச்சல் குளத்தில் இறங்கினர். விடுதியை நடத்தியவர் அந்தத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் படம் நாளேடுகளின் வழியே நாடெங்கும் பரவிற்று. இரண்டு வாரத்தில், சூலை 2ஆம் நாள், குடிசார் உரிமைகள் சட்டம் கையெழுத்தானது.

அந்த விடுதி இன்று இல்லை. 2003இல் இடித்துவிட்டுப் புதிய விடுதி கட்டினார்கள். நீச்சல் குளமும் போயிற்று. எதிர்ப்புக்குப் பிறகு, கிங் கைதான படிகளை மட்டும் எடுத்துவைத்து ஒரு பலகை மாட்டினார்கள்.

இடித்தவர் தரப்பையும் சொல்வது முறை. அது தனியார் சொத்து. சிறப்பான கட்டடக் கலை எதுவும் இல்லாத சாதாரண விடுதி. ஐம்பது ஆண்டுகூட நிறையவில்லை; தேசியப் பட்டியலுக்குப் பொதுவாக ஐம்பது ஆண்டு வேண்டும் என்பது விதி. இவை எல்லாம் உண்மை. ஆனால் அந்த வாதம் எதை ஒப்புக்கொள்கிறது என்று பாருங்கள். அழகும் வயதும் இருந்தால்தான் ஒரு கட்டடம் வரலாறு ஆகும் என்று அது ஒப்புக்கொள்கிறது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் ஏழையின் வீடும், கூலியின் குடியிருப்பும், அவமானம் நடந்த இடமும் என்றைக்கும் தேறமாட்டா. அவை அழகாகக் கட்டப்பட்டவை அல்ல. நெடுநாள் நிற்கும்படி கட்டப்பட்டவையும் அல்ல. ஓர் ஊர், தான் பெருமைப்படும் இடங்களை மட்டும் காத்தால் அது வரலாறு ஆகாது. விருந்தினருக்காக அலங்கரித்த கூடம் ஆகும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். மூன்னூறு ஆண்டு பழைய வீட்டுக்குச் சமமாக அந்தக் குளத்தைக் காத்திருக்க வேண்டும். ஒரு நாட்டின் சட்டத்தைத் தள்ளி நகர்த்திய தண்ணீர் அது.

வகுப்பறைக்கு என்ன?

ஆசிரியர்களே, சுற்றுலாப் பயிற்சித்தாளில் 'கட்டப்பட்ட ஆண்டு', 'கட்டியவர் பெயர்' என்று இரண்டு கோடுகள் போட்டு வைக்கிறோம். அவற்றை நீக்கச் சொல்லவில்லை. ஆண்டு தெரியாமல் வரலாறு இல்லை. அவற்றோடு இன்னும் நான்கு வினாக்களைச் சேர்க்கலாம் என்பது என் பரிந்துரை.

1. இதைக் கட்டுவித்தவர் ஒருவர். கைகளால் கட்டியவர் யார்? அவர்களுக்குக் கூலி கிடைத்ததா?

2. இங்கு யார் யார் வாழ்ந்தனர்? ஒருவர் போய் இன்னொருவர் வந்தது ஏன்?

3. இதன் வாசலுக்குள் நுழைய முடியாதவர் யார்?

4. இது நிற்பதற்காக இங்கே எது இடிக்கப்பட்டது?

இந்த நான்கையும் செயின்ட் அகஸ்டினின் எந்தக் கட்டடத்தின்முன் நின்று கேட்டாலும் விடை உண்டு. உலகின் வேறெந்த ஊரில் கேட்டாலும் விடை இருக்கும், தேடத்தான் வேண்டும். பிள்ளைகளின் மனத்தில் கசப்பை வளர்க்கும் வினாக்கள் இவை என்று சில பெற்றோர் அஞ்சலாம். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மாணவியின் முகத்தில் நான் கசப்பைக் காணவில்லை, அக்கறையைத்தான் கண்டேன். கட்டடத்தின் அழகில் மயங்கி நிற்காமல், அதைத் துடைத்துப் பெருக்கியவரை நினைத்த பிள்ளை அவள். நன்னெறிப் பாடத்தில் நாம் நெடுநேரம் விளக்கும் பண்பு அதுதான்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். செயின்ட் அகஸ்டினில் 2007 முதல், விடுதலைத் தடம் என்ற பெயரில், 1964 போராட்டத்தோடு தொடர்புடைய எளிய வீடுகளின்முன் பலகைகள் வைத்து வருகிறார்கள். கிங் தங்கிய வீடு, கூட்டம் நடந்த தேவாலயம், போராட்டத்தை நடத்தியவரின் இல்லம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. அரண்மனையோ கோட்டையோ அல்ல. திண்ணையும் தகரக் கூரையும் உடைய வீடுகள். இம்முயற்சியைத் தொடங்கியது அவ்வூர் மக்களின் ஓர் அமைப்பு, அரசு அன்று. பலகை வைக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அறிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால் போதும்.

கடல் கேட்கும் கேள்வி

இக்கட்டுரையைப் பழங்கதையாக முடிக்க முடியாது. 2016இல் மேத்தியூ புயலும் 2017இல் இர்மா புயலும் அவ்வூருக்குள் கடலைக் கொண்டுவந்தன. 2022இல் இயன், நிக்கோல் என்னும் இரண்டு புயல்கள் மறுபடி வெள்ளம் தந்தன. கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. ஊரோ தாழ்ந்த நிலம். பீரங்கிக் குண்டை உள்வாங்கிய கோக்கினாச் சுவர் உப்புநீரையும் உறிஞ்சும். உப்பு உள்ளிருந்தே அதை அரிக்கும். மர வீடுகளைத் தூக்கி உயரமான தூண்களில் நிறுத்தலாம். அதற்குப் பணம் வேண்டும். லிங்கன்வில் பகுதியும் நீர் தேங்கும் பகுதிகளில் ஒன்று. அங்கே வீட்டு விலை ஏறி, பழைய குடும்பங்கள் பல ஏற்கெனவே வெளியேறிவிட்டன.

எல்லாவற்றையும் காக்க முடியாது என்ற நாள் அவ்வூருக்கு வரலாம். அன்று ஒரு பட்டியல் போடுவார்கள். கோட்டையும் பிளாக்லரின் விடுதியும் அதன் தலைப்பில் இருக்கும் என்பதில் ஐயமில்லை. லிங்கன்வில்லின் ஒரு தகரக் கூரை வீடு எத்தனையாவது இடத்தில் இருக்கும்? பட்டியலில் இருக்குமா?

அந்த விடையைப் பொறியாளர்கள் மட்டும் முடிவு செய்யப் போவதில்லை. சிறுவயதில் 'மிகப் பழைய வீடு எது?' என்று கேட்கப் பழகியவர்கள் வளர்ந்து ஒருவகைப் பட்டியல் போடுவார்கள். 'இங்கு யார் வாழ்ந்தார்கள்?' என்று கேட்கப் பழகியவர்கள் வேறுவகைப் பட்டியல் போடுவார்கள். இரண்டில் எந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் வாயில் வைப்பது என்பதை, வகுப்பிலும் வீட்டிலும் இருந்துகொண்டு, நாம்தான் முடிவு செய்கிறோம்.